நார்டோவில் நின்றுபோன கார்: மெர்சிடஸ் 190இ 2.3-16 பழுது தேடும் வழிமுறை

1983 ஆகஸ்டில் தென் இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் மெர்சிடஸ் மூன்று 190இ 2.3-16 கார்களை இரவும் பகலும் ஓட்டியது. தூரம் 50,000 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 247.9 கிலோமீட்டர். இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் செய்துகொடுத்த 16 வால்வு ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்பகுதி) இதைவிடக் கடுமையான பரீட்சை வைக்க முடியாது. அது தேறிவிட்டது. நடுவில் ஒரு காரை நிறுத்தியது எது தெரியுமா? பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் சுழலும் ரோட்டார். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சாமான்.

நாற்பது வருடம் கழித்தும் கதை அதேதான். சின்ன வயதில் சுவரில் ஒட்டிய படத்தை நினைத்துக்கொண்டு இந்தக் காரை வாங்குகிறவர்கள், வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தாலே "காஸ்வொர்த் ஹெட் போய்விட்டது" என்று அரண்டுபோகிறார்கள். ஒர்க்‌ஷாப்காரரும் அந்தப் பெயரைக் கேட்டு மலைத்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்து அனுப்பும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்று, ஹெட்டை இறக்கு என்று பெரிய பில்லாகப் போடுகிறார். பெரும்பாலும் பழுது இருப்பது ஒரு ரிலேயிலோ, காய்ந்துபோன ரப்பரிலோதான். பெயரை மறந்துவிட்டு, 1980-களில் செய்த ஒரு பழைய 190 என்று நினைத்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

கீழே சொல்வது 1984 முதல் 1988 வரை வந்த 2.3-16 மாடலுக்கு. பின்னால் வந்த 2.5-16 மாடலுக்கும் அநேகமாகப் பொருந்தும். கையில் ஒரு மல்டிமீட்டரும் பெட்ரோல் பிரஷர் பார்க்கும் கேஜும் இருக்கட்டும். இன்னொரு விஷயம்: இந்த வண்டியின் பெட்ரோல் லைனில் 5 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். சூடான இன்ஜின் மேல் எந்த நட்டையும் அவிழ்க்காதீர்கள். ஆறியபின் துணி சுற்றி, மெதுவாக, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது. கூடவே ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இந்தக் காரில் பாதி மர்மங்கள் இங்கேதான் அவிழும். ஐட்லிங்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டுக்கும் கரண்ட் போவது ஒரே ரிலே வழியாக. ஓவிபி ரிலே என்பார்கள். வோல்டேஜ் எகிறினால் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. எஞ்சின் அறையின் பின்சுவர்ப் பக்கம், தலையில் ஒரு ஃபியூஸைச் செருகிய சின்ன உலோகப் பெட்டியாக இருக்கும்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ரிலேயைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, சர்க்யூட் போர்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கால்கள் போர்டைச் சந்திக்கும் இடத்தில், ஈயத்தைச் சுற்றி முடி போல ஒரு வட்டக் கீறல் தெரியும். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பல வருட அதிர்வில் விட்டுப்போன இணைப்பு. அதனால்தான் பழுது வருவதும் போவதுமாக இருக்கிறது: காலையில் விளக்கு எரியும், மதியம் அணையும். மறுபடி ஈயம் வைத்தால் ஓடும். ஆனாலும் நீண்ட பயணத்துக்குப் போகிறவர் புதியதே வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

இந்த ரிலே செத்தாலும் வண்டி ஓடும், அதுதான் குழப்பமே. காரணம், இதில் பெட்ரோலை அளந்து அனுப்பும் கேஇ-ஜெட்ரானிக் அடிப்படையில் மெக்கானிக்கல் சிஸ்டம். உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைக் கீழே அழுத்தும். தட்டு ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் பெட்ரோல் அளவைத் திறக்கும். கம்ப்யூட்டர் மேலோட்டமாகத் திருத்தம் செய்கிற வாத்தியார் மட்டுமே. அந்தத் திருத்தத்தைச் செயல்படுத்துவது ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் திருகியிருக்கும் இஎச்ஏ என்ற கறுப்புப் பெட்டி. சோதனை எளிது: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இஎச்ஏவின் இரண்டு வயர் பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அங்கே கரண்டே வரவில்லை என்று அர்த்தம். இஎச்ஏவைக் குறை சொல்லாமல் ரிலேக்குத் திரும்பிப் போங்கள்.

ரிலே சரி, ஏபிஎஸ் விளக்கும் அணைந்திருக்கிறது, ஆனாலும் ஐட்லிங் ஆடுகிறதா? அப்போது கள்ளக் காற்று. அளந்து அனுப்பாத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள், காற்றளவித் தட்டுக்குக் கீழே உள்ள பெரிய ரப்பர் பூட், ஐட்லிங் வால்வின் வளைந்த ஹோஸ்கள் இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஹோஸை விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரப்பர் பூட்டின் வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் இருக்கும், மேலிருந்து தெரியாது. கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது புகை விட்டுச் சோதிக்கிற மெஷின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிற பழைய வழி சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எனக்கு அறவே பிடிக்காது.

ஐட்லிங் வால்வையும் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் ஊற்றிக் குலுக்குங்கள். உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் வரும். சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். சாவியை ஆன் செய்தால் வால்வு கையில் லேசாக அதிர வேண்டும்.

இவையெல்லாம் முடிகிற வரைக்கும், காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும் அந்தத் துளையில் ஏற்கனவே எத்தனை பேர் கைவைத்தார்களோ. கள்ளக் காற்றை அடைக்காமல் மிக்ஸ்சரைத் திருத்தினால் ஐட்லிங் சரியாகி, வேறு எல்லாம் கெடும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, சூடானதும் சரியாகிறது

ஓவிபி ரிலேயைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது கூலண்ட் வெப்ப சென்சார். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். பிளக்கைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள்: 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். குளிர்ந்த இன்ஜினில் 300 சொச்சம் காட்டினால் கம்ப்யூட்டர் கோடைக்காலம் என்று நம்பி, கூடுதல் பெட்ரோல் கொடுக்காமல் இருக்கிறது. சென்சார் விலை அதிகமில்லை.

சென்சாரும் சரியென்றால் குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே உள்ள ஐந்தாவது இன்ஜெக்டருக்கு, செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஓட்டி, அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால் ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று இருமிக்கொண்டு கிளம்புகிறது. கேஇ-ஜெட்ரானிக் வண்டிகளின் தனி முத்திரை இது.

நடப்பது இதுதான். இன்ஜினை நிறுத்தியதும் பானெட்டுக்குள் சூடு ஏறும். லைனில் அழுத்தம் நின்றால் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் இறங்கினால் ஆவியாகிவிடும், இன்ஜெக்டர் வழியே வெறும் ஆவிதான் வரும். அழுத்தத்தைப் பிடித்து வைப்பது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், காரின் அடியில், பம்ப்பும் ஃபில்டரும் இருக்கும் அதே தொகுதியில் உள்ள அக்யுமுலேட்டர்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை அடம்பிடிக்கும்போது செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்யுங்கள். பம்ப் ஒரு நொடி முனகி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் லைனில் அழுத்தம் இறங்குவதுதான் நோய் என்பது உறுதி.

அப்புறம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கேஜை மாட்டி, இன்ஜினை நிறுத்தி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏறக்குறைய 2.5 பார் மிஞ்சியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அக்யுமுலேட்டரின் பின்பக்கத்துச் சின்ன ஹோஸைக் கழற்றுங்கள். அதிலிருந்து பெட்ரோல் சொட்டினால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. தீர்ப்பு அங்கேயே முடிந்தது. காய்ந்திருந்தால் பம்ப்பின் செக் வால்வு, பிறகு ஒழுகும் இன்ஜெக்டர். ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் சவ்வு கடைசியில்தான். விலையும் அந்த வரிசையில்தான் ஏறுகிறது, சந்தேகமும் அந்த வரிசையிலேயே போகட்டும். அக்யுமுலேட்டரை மாற்றாமல் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு விலை சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஆஃப் ஆகிறது, ஆறியதும் கிளம்புகிறது

சந்தேகப்பட இரண்டு பேர்தான்: இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார், அல்லது பெட்ரோல் பம்ப் ரிலே. நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் துளியும் அசையவில்லையென்றால் சென்சார் பக்கம் போங்கள். முள் அசைகிறது, ஆனால் சாவி ஆன் செய்யும்போது பின்னாலிருந்து பம்ப் முனகல் கேட்கவில்லையென்றால் ரிலே. இதுவும் ஓவிபி போலவே ஈயம் விட்டுப்போகும் ஜாதி.

மிஸ்ஸிங், முக்கியமாக மழை நாளில்

நார்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி ரோட்டாரின் பித்தளை நுனியைப் பாருங்கள். கரிந்து குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது தீப்பொறி வழிதவறி ஓடிய தடம், மூடியும் போயிற்று. இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் முறை. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளித்தால் நீலப் பொறி எங்கே தாவுகிறது என்று கண்ணாலேயே தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

பிக்கப் இல்லை, "கேள்விப்பட்ட மாதிரி இல்லையே"

இந்தப் புகாரில் பாதி நினைவின் குற்றம். 1984 மே 12 அன்று நூர்பர்க்ரிங்கின் புதிய தடம் திறந்தபோது, ஒரே மாதிரியான 190இ 2.3-16 கார்களில் ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் மோதிக்கொண்டார்கள். லவுடா, ப்ரோஸ்ட், ராய்ட்டமன் என்று பெரிய தலைகள். முதலில் வந்தது, அந்த வருடம்தான் ஃபார்முலா 1-க்கு வந்திருந்த அயர்ட்டன் சென்னா, லவுடா இரண்டாவது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் சிக்னலில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டும் என்று எதிர்பார்க்கிறார். ஒட்டாது.

புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) இல்லாத மாடலில் 185 குதிரைத்திறன், அதுவும் 6,200 ஆர்பிஎம்மில். டார்க் உச்சத்துக்கு வருவது 4,500-இல். அதற்குக் கீழே இது சாதுவான ஆபீஸ் கார்தான். இன்றைய சாதாரண டர்போ டீசல் கார் சிக்னலில் இதைத் தாண்டிப் போய்விடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகவே சோதனையைச் சரியான இடத்தில் செய்யுங்கள். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடானபின், திறந்த சாலையில், மூன்றாம் கியரில் 4,000-இலிருந்து முழு ஆக்ஸிலேட்டர். 4,500 தாண்டியதும் சத்தமே மாறி, 7,000 வரை தயங்காமல் ஏறினால் வண்டியில் குறையில்லை. உங்கள் வலது காலுக்குத்தான் பழக்கம் வேண்டும்.

மேலே போகப் போகவும் மந்தமாகவே இருந்தால்தான் பழுது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தச் சொல்லி, த்ராட்டில் கடைசிவரை திறக்கிறதா என்று நேரில் பாருங்கள். தேய்ந்த இணைப்புகளாலும், கீழே மடிந்த தரைவிரிப்பாலும் கடைசிப் பகுதி திறக்காமலே போவது உண்டு. அடுத்து இக்னிஷன் கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய். அது வெடித்திருந்தால் டைமிங் முன்னேறாது. மூன்றாவது பெட்ரோல் அளவு: ரிட்டர்ன் லைனில் 40 நொடிக்கு ஒரு லிட்டர் வர வேண்டும். குறைந்தால் ஃபில்டர், பிறகு பம்ப். வினையூக்கி உள்ள மாடலானால் அது அடைத்துக்கொண்டதா என்றும் பாருங்கள்.

மேல்பக்கம் டக்டக் சத்தம்

இங்கே மட்டும் அலட்சியம் வேண்டாம். இரண்டு சத்தங்களைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒரே சீரான தையல் மெஷின் சத்தம் இந்த இன்ஜினின் இயல்பு. சாதாரண 190-இல் உள்ள, வால்வின் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இதில் கிடையாது; ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு இடைவெளி சரிசெய்யும் மெக்கானிக்கல் டேப்பெட். சத்தமே இல்லாமல் அமைதியாக ஓடினால்தான் எனக்குப் பயம். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் எரிய ஆரம்பித்திருக்கலாம். கடைசியாக எப்போது ஷிம் அளந்தார்கள் என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அளக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்திலிருந்து, ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் கலகலவென்று கேட்டால் அது டைமிங் செயின். 2.3-16-இல் ஒற்றை வரிசைச் செயின். அறுந்துபோன கதைகள் நிறைய. 2.5-16-இல் மெர்சிடஸே இரட்டை வரிசையாக மாற்றியது என்பதே போதுமான சாட்சி. செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்போது நீங்கள் பயந்த அந்தக் காஸ்வொர்த் ஹெட் பில் நிஜமாகவே வரும். எனவே சத்தம் கேட்டால் ஓட்டாமல் நிறுத்தி, வால்வு கவரைத் திறந்து, கேம் குறிகளை நேராக்கி, கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். செயின், டென்ஷனர், வழிகாட்டிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

ஆயில் பிரஷர் முள் கீழே இறங்குகிறது

சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் முள் ஒன்றுக்குக் கீழே வந்தால் பதறாதீர்கள். ரேஸ் கொடுத்ததும் 3-இல் போய் ஒட்டிக்கொள்கிறதா? சரி, நல்ல இன்ஜின்.

பின்பக்கம் கட்டை வண்டி மாதிரி குதிக்கிறது

2.3-16-இன் பின் சஸ்பென்ஷன் ஹைட்ராலிக். சுமை ஏற்றினாலும் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டு பக்கமும் நைட்ரஜன் அடைத்த உருண்டை ஒன்று உண்டு. பல வருடத்தில் வாயு கசிந்துவிட்டால் வண்டியைத் தாங்க மெத்தென்று எதுவும் மிஞ்சாது. டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கல்லாக நின்றாலோ, விறைப்பாக டங் டங்கென்று எம்பினாலோ உருண்டைகள் காலி. மாற்றுவது கடினமான வேலையில்லை, ஜோடியாக மாற்றுங்கள். ஆயில் குறைந்தால் மெர்சிடஸ் குறிப்பிட்ட ஹைட்ராலிக் ஆயிலை மட்டும் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊறிப் போகும். இதையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போடச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி வரும். செலவு குறையும், ஆனால் காரின் பாதி குணம் அங்கேதான் இருக்கிறது. நான் செய்ய மாட்டேன்.

ஸ்டியரிங் அலைபாய்கிறது என்றால் புஷ்களைச் சந்தேகிக்குமுன் டயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். ஓடாமல் நிற்கும் கார்களில் டயர் தேயாது, காய்ந்து கட்டையாகும்.

முதல் கியர் போட்டால் பின்னால் போகிறது

பழுதில்லை. இந்த கெட்ராக் கியர்பாக்ஸில் முதல் கியர் இடது கீழே, ரிவர்ஸ் இடது மேலே. ஓட்டத்தில் அதிகம் மாற்றும் இரண்டும் மூன்றும் நேர்கோட்டில் வரட்டும் என்று பந்தயக் கார் வழக்கப்படி வைத்தது. குச்சி குழம்புக் கரண்டி போல ஆடினால் மட்டும் அடியிலுள்ள பிளாஸ்டிக் புஷ்களை மாற்றுங்கள்.

தரைவிரிப்பு ஈரம், டிக்கியில் தண்ணீர்

பின் விளக்குகளின் ரப்பர், சன்ரூஃபின் வடிகால் குழாய்கள், கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்த ஓட்டைகள். இவை சுலபம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத துருதான். அழகுக்காகவும் காற்றுக்காகவும் சுற்றிலும் மாட்டிய பிளாஸ்டிக் கிட்டுக்குள் ஈரமும் மண்ணும் தங்கி, ஜாக்கி வைக்கும் இடங்களைத் தின்றிருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஜாக்கித் துளைகளை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். டங்கென்றால் நல்லது, பொதுக்கென்றால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் வாங்காதீர்கள். இன்ஜின் பழுதுக்கு ரிலே கிடைக்கும், செயின் கிடைக்கும். அழுகிய உடம்பை வெட்டி ஒட்டும் செலவுதான் இந்தக் காரைக் குப்பைக்கு அனுப்பும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் 4,500-க்கு மேலும் ஒன்றும் நடக்கவில்லை

அப்படியானால் சேஸி நம்பரைப் பாருங்கள். அசல் 2.3-16 என்றால் WDB என்ற மூன்று எழுத்துக்குப் பின் 201034 என்று வரும், 2.5-16 என்றால் 201035. அங்கே 201024 என்று இருந்தால் அது பிளாஸ்டிக் கிட் மாட்டிய 2 லிட்டர் 190இ. நன்றாகத்தான் ஓடும். விலையை மட்டும் மறுபடி பேசுங்கள்.